வலைக்கு முன்னால் தரையைப் பாருங்கள்

கொல்லைப்புறம்: வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த தபாலில் முக்கால்வாசி கோழிக் கடிதம். கறிவேப்பிலையில் பூச்சி, மல்லிகை மொட்டு உதிர்கிறது என்று எழுதியவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள். சம்பா அறுப்பு முடிந்து வயல் வெறிச்சோடினால் எலி வீட்டுக்கு வரும். எலிக்குப் பின்னால் பாம்பு வரும், அதற்குப் பின்னால் கீரி வரும். தை மாசியில் கோழிக் கடிதங்கள் குவிவதற்குக் காரணம் அதுதான்.

நான் வெண்ணாறு மூன்றாகப் பிரிகிற மூணாறு தலைப்புக்குக் கிழக்கே, வெண்ணாற்றுப் பாசனத்தில் இருக்கிறவள். எங்கள் மண் களிமண். நான் சொல்லும் கணக்கெல்லாம் இந்த மண்ணை வைத்துத்தான். படுகைக்காரர்களும் கடலோரத்துக்காரர்களும் எதை மாற்ற வேண்டும் என்பதை அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் கொல்லை 40-க்கு 20 அடி. அதற்குப் பின்னால் வரப்பு, வயல். 10 பெட்டையும் 2 சேவலும் இருக்கின்றன. பொங்கலுக்கு அப்புறம் பட்டப்பகலிலேயே கோழி போகிறது. 2 கோழியைக் கழுத்தில் கடித்து, தின்னாமல் போட்டுவிட்டே போயிருக்கிறது. குஞ்சுகளும் ஒவ்வொன்றாக மாயம். 6 அடி உயரத்துக்குக் கோழிவலை அடித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் என் கொழுந்தனார். அது போதுமா அக்கா?
— ஒரு வாசகி, வலங்கைமான் பக்கம்

பதில்: உங்கள் கொழுந்தனார் சொன்ன உயரம் தப்பில்லை தங்கச்சி. ஆனால் உங்கள் கோழியைக் கடித்தது 6 அடி ஏறி வரவில்லை, தரையோடு வந்திருக்கிறது. பட்டப்பகல், கழுத்தில் கடி, தின்னாமல் விட்டுப்போனது என்றால் பெரும்பாலும் கீரி.

வலை வாங்குவதற்கு முன்னால் யார் யார் வருகிறார்கள் என்று பாருங்கள். ராத்திரி கூரையில் சத்தம் கேட்டு, காலையில் கீற்று விலகிக் கிடந்தால் மரநாய். கோழி முழுசாகக் காணோம், வரப்பு வரைக்கும் இறகு சிந்தியிருக்கிறது என்றால் காட்டுப்பூனை. சில ஊர்களில் நரி. நாலைந்து கோழி அங்கங்கே செத்துக் கிடக்கின்றன, ஒன்றையும் தின்னவில்லை என்றால் தெருநாய். நாய்க்கு அது விளையாட்டு. குஞ்சு தலை நனைந்து, இறகு ஒட்டிப்போய்ச் செத்துக் கிடந்தால் பாம்பு விழுங்கப் பார்த்து முடியாமல் விட்டிருக்கிறது. ஒரு தடயமும் இல்லாமல் குஞ்சு மட்டும் குறைந்துகொண்டே வந்தால் அண்ணாந்து பாருங்கள். வல்லூறு, பருந்து, காக்கை. இதில் காக்கையை யாரும் சந்தேகப்படுவதில்லை. பொரித்த வாரத்துக் குஞ்சு என்றால் காக்கை தாராளமாகத் தூக்கும்.

இந்தப் பட்டியலில் மேலே வழியாக வருகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். கீரி, பெருச்சாளி, பாம்பு, நாய் எல்லாம் கீழே வழியாக வருகிறவை. நாம் காசைக் கொட்டுவதோ உயரத்துக்கு. 100 ரூபாய் செலவழிக்கப் போகிறீர்கள் என்றால் அதில் 60 ரூபாய் அடிப்பக்கத்து 2 அடிக்குப் போகட்டும்.

இப்போது வலை. கடையில் கோழிவலை என்று எடுத்துப் போடுவது அறுகோணக் கண் உள்ள, முறுக்கிப் பின்னிய மெல்லிய கம்பி. கோழி வெளியே போகாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். நாய் பல்லால் பற்றி இழுத்தால் முறுக்கு பிரிந்துகொண்டே போகும். நீங்கள் வெல்டு மெஷ் என்று கேளுங்கள். சதுரக் கண், கம்பிகள் சேரும் இடத்தில் பற்றவைத்திருக்கும். அடியில் 2 அடி வரைக்கும் அரை அங்குலக் கண், அதற்கு மேல் 1 அங்குலக் கண். கம்பியின் கனத்தை கேஜ் கணக்கில் சொல்வார்கள். எண் ஏற ஏறக் கம்பி மெலியும். 16 கேஜ் கனம், 20 கேஜ் மெலிசு. இது தெரியாமல் “20 கேஜ் கொடுங்கள்” என்று பெரிய எண்ணைக் கேட்டு வாங்கி வருகிறவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். 1 அங்குலக் கண்ணுக்கு 16 கேஜ் பாருங்கள். அரை அங்குலக் கண்ணுக்கு 19 வரை போகலாம், அதற்கு மேல் வேண்டாம். ஏற்கெனவே செயின் லிங்க் வேலி போட்டிருக்கிறவர்கள் அதைப் பிடுங்க வேண்டாம். அதன் கண் 2 அங்குலம். கீரிக்குட்டி சிரமமில்லாமல் நுழையும். அடியில் மட்டும் அரை அங்குல வலையை உள்பக்கமாகச் சேர்த்துக் கட்டுங்கள்.

அடுத்தது நம்ம மண். எந்த வீடியோவைப் பார்த்தாலும் “வலையை 1 அடி ஆழம் புதையுங்கள்” என்கிறார்கள். செம்மண் பூமிக்கு அது சரி. நம்ம களிமண்ணுக்குச் சரிப்படாது. ஐப்பசி கார்த்திகையில் இந்த மண் தண்ணீர் குடித்து உப்பும், சித்திரையில் சுருங்கி வெடிக்கும். நீங்கள் வெட்டி மூடிய பள்ளம் ஒட்டாத மண், அதனால் வெடிப்பு முதலில் அந்தக் கோட்டிலேயே விடும். வலைக்கும் மண்ணுக்கும் நடுவில் கை நுழைகிற அளவுக்குப் பிளந்து நிற்கும். கீரிக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? போதாததற்கு, ஈரக் களிக்குள் புதைந்த கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். மேலே பார்த்தால் வலை பளபளவென்று இருக்கும், மண்ணுக்குள் ஒன்றுமே மிச்சம் இருக்காது.

அதனால் புதைக்காதீர்கள், படுக்கப் போடுங்கள். 3 அடி அகலச் சுருளை வாங்கி, நீளவாட்டில் 1 அடியை மடக்குங்கள். ஒரு பலகையை வலை மேல் வைத்து, பலகையில் ஏறி நின்றுகொண்டு, மிச்சத்தைக் கையால் தூக்கினால் மடிப்பு நேராக வரும். 2 அடி வேலிக்காலோடு சேர்ந்து நிற்கும். 1 அடி வெளிப்பக்கமாகத் தரையில் படுத்திருக்கும். உள்பக்கம் அல்ல, வெளிப்பக்கம். தோண்ட வருகிற பிராணி வேலி ஓரத்துக்கு வந்துதான் கால் வைக்கும். அங்கே நகத்தில் கம்பி தட்டும். கொஞ்சம் பின்னால் தள்ளி நின்று தோண்டலாம் என்கிற யோசனை அதற்கு வராது. படுத்திருக்கிற வலை மேல் காளவாய் உடைசல் செங்கல்லை நெருக்கமாகப் பரப்பி, அதன் மேல் மண்ணைத் தள்ளி, அருகம்புல்லை விட்டுவிடுங்கள். புல் வேர் கம்பிக்குள் பின்னிக்கொண்டால் நீங்களே பிடுங்க முடியாது. கீழே மண் வெடித்தாலும் அந்த வெடிப்பை வலை மூடிக்கொண்டு கிடக்கும். படுகையில் வண்டல் மணலில் வீடு இருக்கிறவர்கள் 1 அடிக்குப் பதில் ஒன்றரை அடி படுக்கப் போடுங்கள். அங்கே வெடிப்பு இல்லை, ஆனால் தோண்டுவது சுலபம்.

அளவுக்கு வருவோம். உங்கள் 12 உருப்படிக்கு 24-க்கு 10 அடி போதும். ஒரு கோழிக்கு 20 சதுர அடி வரும். ஆளுக்கு 10 என்றாலே சமாளிக்கும் என்பார்கள், ஆனால் நாட்டுக்கோழிக்குச் சீய்க்க இடம் வேண்டும். இடம் குறைந்தால் ஒன்றையொன்று கொத்தும், சேவல் சண்டை தீராது. சுற்றளவு 68 அடி. மூலையில் வலையை ஒரு சாண் ஏற்றிக் கட்ட வேண்டும் என்பதால் 75 அடி வாங்குங்கள். கால் 12. நீளப் பக்கத்தில் 6 அடிக்கு ஒன்று, அகலப் பக்கத்தில் 5 அடிக்கு ஒன்று. 8 அடிக் காலில் 2 அடி மண்ணுக்குள் போகட்டும். நாலு மூலைக்கும் சாய்வாக முட்டுக் கொடுங்கள். முட்டு இல்லாத மூலைக்கால் வலையை இறுக்கும்போதே உள்ளே சாயும்.

காலுக்கு எந்த மரம் என்றும் கேட்பீர்கள். நம்ம பக்கம் தோண்டினால் கல் கிடையாது. புதுக்கோட்டைப் பக்கமிருந்து வருகிற கருங்கல் தூண் கட்டுப்படியானால் யோசிக்காமல் வாங்குங்கள். இல்லாவிட்டால் சிமென்ட் கால். மூங்கில் தரைமட்டத்தில் இற்றுப்போகும். தார் பூசி நட்டால் கொஞ்சம் தாங்கும். வைரம் பாய்ந்த பனை கிடைத்தால் அதிர்ஷ்டம். பூவரசம்போத்து, ஒதியம்போத்து நட்டு உயிர்வேலிக்கால் ஆக்குகிறவர்களும் உண்டு. நல்ல யோசனைதான், நிழலும் கிடைக்கும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். உயிர்க்காலில் வலையை ஆணி வைத்து அடிக்காதீர்கள். மரம் பருக்கப் பருக்கக் கம்பியை விழுங்கிவிடும், அப்புறம் அந்த வலையைக் கழற்றவே முடியாது. கட்டுக்கம்பியால் தளர்வாகக் கட்டி, வருஷா வருஷம் அவிழ்த்துத் திரும்பக் கட்டுங்கள்.

மேல்பக்கம் பருந்துக்கும் காக்கைக்கும் பழைய மீன்வலை போதும். நாகப்பட்டினம் பக்கம் சொந்தக்காரர்கள் இருந்தால் சொல்லி வையுங்கள். நடுவில் தொய்ந்து தலையில் இடிக்காமல் ஒரு கம்பி ஓட்டி அதன் மேல் விரியுங்கள். மரநாய்க்கு மீன்வலை ஒரு பொருட்டே இல்லை. அதனால்தான் சொல்கிறேன்: வலைக்கொட்டகை பகலுக்கு. ராத்திரிக்குத் தனியாகக் கூண்டு வேண்டும். 12 கோழிக்கு 6-க்கு 4 அடி, தரையிலிருந்து 2 அடி உயரத்தில், கூரை தகரமோ ஓடோ, காற்றோட்டத்துக்கு விடுகிற இடைவெளியில் அரை அங்குல வலை. அந்த 2 அடி அடிப்பகுதி பகலில் கோழிக்கு நிழல். பொழுது சாய்ந்ததும் எண்ணிப் பார்த்து அடையுங்கள்.

கடைசியாகக் கதவு. எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டு, கதவுக்கு அடியில் 2 விரல்கடை விடுவது ஊர் வழக்கம். கீரி தலை நுழைந்தால் உடம்பும் நுழையும். கதவுக்கு அடியில் ஒரு வரிசை செங்கல் வைத்து நிலைப்படி கட்டுங்கள். கொண்டி மேலே ஒன்று, கீழே ஒன்று. கீழே கொண்டி இல்லாவிட்டால் நாய் மூலையை மூக்கால் நெம்பும்.

கீரியைப் பிடிக்கப் பொறி வைக்கலாமா என்று கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருந்தீர்கள். கூடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் கீரி வருகிறது, உடும்பும் வருகிறது. சட்டம் கிடக்கட்டும், உங்கள் கொல்லையில் பாம்பையும் எலியையும் தின்றுகொண்டிருப்பதும் அந்தக் கீரிதான்.

கேள்வி: சுற்றிலும் வலை அடித்து நன்றாகத்தான் வைத்திருந்தோம். ஐப்பசி மழையில் உள்ளே தண்ணீர் கட்டிக்கொண்டு வடியவே இல்லை. குஞ்சுகள் ரத்தமாகக் கழிந்து செத்தன. பெரிய கோழி ஒன்று கழுத்தைத் திருகிக்கொண்டு விழுந்தது. வலைக்குள் அடைத்ததுதான் ஆகவில்லை என்கிறார் மாமியார். திரும்பவும் அவிழ்த்து விட்டுவிடலாமா?
— ஒரு வாசகி, மயிலாடுதுறை

பதில்: உங்கள் மாமியார் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. அவிழ்த்துவிட்ட கோழி ஈரத்தை விட்டு மேட்டுக்குப் போய்விடும். அடைத்த கோழிக்குப் போக்கிடம் இல்லை. அதற்கு மேடு நாம்தான் கட்டித்தர வேண்டும்.

முதலில், உங்கள் வீட்டில் வந்தது இரண்டு வேறு நோய் என்று தோன்றுகிறது. குஞ்சுகளின் ரத்தக் கழிச்சல் ஈரத் தரையில் வருவது. எச்சத்தோடு வெளியே வரும் நுண்ணுயிரி ஈரமும் சூடும் கிடைத்தால் முதிர்ந்து, சீய்த்துத் தின்னும் குஞ்சு வயிற்றுக்குள் திரும்பப் போகிறது. அதற்குத் தண்ணீரில் கலந்து கொடுக்கும் மருந்து கால்நடை மருந்தகத்தில் கிடைக்கும், ஆனால் தரை காயாவிட்டால் மருந்து கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். கழுத்தைத் திருகிக்கொண்ட பெரிய கோழிக்கு வந்தது வெள்ளைக் கழிச்சலாக இருக்கலாம். ராணிக்கெட் என்பது அதைத்தான். அதற்கு ஈரமும் காரணமில்லை, வலையும் காரணமில்லை. தடுப்பூசி போடாததுதான் காரணம். குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, 8 வாரத்தில் இறக்கைத் தோலுக்கு அடியில் ஊசி. கால்நடை பராமரிப்புத் துறை வருஷந்தோறும் பிப்ரவரி வாக்கில் கிராமங்களில் இலவசமாகவே முகாம் போடுகிறது. மருந்தகத்தில் தேதி கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வந்த பிறகு வைத்தியம் என்று ஒன்று பெரிதாக இல்லை.

இனி தரை. நம்ம ஊர்களில் வீடுகள் ஏன் திடல் மேல் இருக்கின்றன? வெள்ளம் வரும் என்று தெரிந்தவர்கள் கட்டியது. கோழிக்கும் அதே ஏற்பாடு வேண்டும். கொட்டகைத் தரையைச் சுற்றியிருக்கும் கொல்லையைவிட 1 அடியாவது தூக்குங்கள். கீழே அரை அடி காளவாய் உடைசல், அதன் மேல் கால் அடி செங்கல் ஜல்லி, அதன் மேல் செம்மண்ணும் கிரஷர் மணலும் கலந்து. ஆற்று மணலுக்கு ஆசைப்படாதீர்கள், அனுமதி இல்லாமல் அள்ளினால் வழக்கு. வெறும் வயல் களியைக் கொட்டித் தூக்குவதும் வேண்டாம். முதல் மழையிலேயே அது சேறு. தூக்கிய தரையை வீட்டுப் பக்கமிருந்து வாய்க்கால் பக்கமாகச் சரிவு விடுங்கள், சுற்றிலும் ஒரு மண்வெட்டி அகலத்துக்கு வடிகால் இழுங்கள்.

கொட்டகையில் மூன்றில் ஒரு பங்குக்காவது கூரை வேண்டும். மழை வடகிழக்கிலிருந்து சாய்ந்து அடிக்கும், அதனால் வடக்கும் கிழக்கும் புரட்டாசிக் கடைசியில் கீற்றுப் படல் வைத்து மறையுங்கள். தை பிறந்ததும் எடுத்துவிடலாம். கூரைக்குக் கீழே 3 அங்குலம் உமி. நம்ம ஊரில் அரிசி ஆலைக்குப் பஞ்சமா? வாரத்துக்கு இரண்டு தடவை கிளறுங்கள். கையில் எடுத்துப் பிசைந்தால் உதிர வேண்டும். உருண்டையாக நின்றால் ஈரம் ஏறிவிட்டது. அந்த இடத்தை அள்ளி எருக்குழியில் போட்டுப் புது உமி கொட்டுங்கள். உள்ளே நுழைந்ததும் கண் எரிந்தால் ஏற்கெனவே தாமதம். உமியைத் திறந்த பக்கத்தில் கொட்டாதீர்கள், மழையில் ஊறி நாறும். அங்கே காய்ந்த சருகும் உடைத்த தென்னைமட்டையும் போதும், கோழி தானே கிளறிக்கொள்ளும்.

தண்ணீர்ப் பாத்திரத்தை 2 செங்கல் மேல் தூக்கி வையுங்கள். பாதி ஈரம் அந்தப் பாத்திரத்திலிருந்து வருவதுதான்.

கேள்வி: என் வீட்டுக்காரர் வலையில் மெயின் லைனிலிருந்து லேசாகக் கரண்ட் கொடுத்துவிட்டால் எதுவும் கிட்டே வராது என்கிறார். ராத்திரி மட்டும்தான். செய்யலாமா?
— ஒரு வாசகி, கூத்தாநல்லூர்

பதில்: கூடாது. மெயின் லைனில் லேசான கரண்ட் என்று ஒன்று கிடையாது. எலிக்காகவும் பன்றிக்காகவும் வயலில் இழுத்த திருட்டுக் கம்பியில் மிதித்துச் செத்தவர்கள் நம்ம மாவட்டங்களிலேயே எத்தனை பேர், பத்திரிகையில் வருஷம் தவறாமல் படிக்கிறோம். விடியற்காலையில் மடை பார்க்கப் போகிற ஆள், கொல்லைப் பக்கம் ஒதுங்குகிற கிழவி, பந்து பொறுக்க வருகிற பிள்ளை எல்லாரும் தொடக்கூடிய இடம் அது. கைது, வழக்கு என்று ஜெயிலுக்குப் போகிறவர் உங்கள் வீட்டுக்காரர். இந்தப் பதிலை அவரிடமே படித்துக் காட்டுங்கள்.

கேள்வி: கூண்டில் முட்டை வைத்த இடத்தில் நல்லபாம்பு சுருண்டு கிடந்தது. எங்கள் வீட்டில் பாம்பை அடிப்பதில்லை. சிறியாநங்கைச் செடி வைத்தால், பூண்டு கரைத்துத் தெளித்தால் பாம்பு வராது என்கிறார்கள். உண்மையா?
— ஒரு வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: அடிக்காதது நல்லது அய்யா. சிறியாநங்கை, பூண்டு, பினாயில், அந்துருண்டை எதற்கும் பாம்பு ஒதுங்காது. சிறியாநங்கைச் செடி நிழலிலேயே பாம்பு படுத்திருக்கும்.

பாம்பு வருவது எலிக்கும் முட்டைக்கும். தீவனத்தை மூடியுள்ள தகர டின்னில் வையுங்கள், சிந்தியதைச் சாயங்காலம் கூட்டி அள்ளுங்கள், முட்டையைப் பொழுது சாய்வதற்குள் எடுத்துவிடுங்கள். வைக்கோல் போரும் விறகுக் குவியலும் கொட்டகையை ஒட்டி இருந்தால் 15 அடியாவது தள்ளிப் போடுங்கள். அரை அங்குலக் கண் வலைக்குள் பெரிய பாம்பு நுழையாது. அடைக்கோழியை 21 நாளும் தரையில் உட்காரவைக்காமல், கூண்டுக்குள் உயரத்தில் ஒரு பழைய கூடையில் வையுங்கள்.

ஒன்று முக்கியம். தரையோடு ஒட்டி நரம்பு வலையோ மீன்வலையோ கட்டாதீர்கள். பாம்பு தலையை விட்டு, செதில் மாட்டி, முன்னாலும் போகாது பின்னாலும் வராது. கழுத்துப் பக்கம் வலை இறுகி, பாதி உயிரோடு சீறிக்கொண்டு கிடக்கும். காலையில் தூக்கக் கலக்கத்தில் கதவைத் திறக்க வருகிறவர் அதன் பக்கத்தில்தான் கால் வைப்பார். மீன்வலை தலைக்கு மேலே மட்டும். பாம்பு உள்ளே இருந்தால் நீங்களே குச்சியால் தள்ளப் பார்க்காமல் தீயணைப்பு நிலையத்துக்கு 101-இல் சொல்லுங்கள், வந்து பிடித்துப் போவார்கள். கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம். கையையோ காலையோ அசைக்காமல் 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனை.

கேள்வி: கஜா புயலில் கொட்டகை போனது. திரும்பக் கட்டியதன் வலையும் இப்போது துருப்பிடித்துத் தொட்டால் உதிர்கிறது. என்ன போட்டால் நிற்கும்?
— ஒரு வாசகர், வேதாரண்யம் பக்கம்

பதில்: கடல் உப்புக்காற்று துத்தநாகப் பூச்சை அரித்துவிடும். உங்கள் பக்கம் பி.வி.சி. உறை போட்ட வெல்டு மெஷ் வாங்குங்கள். விலை கூடத்தான். அடிப்பக்கத்து 3 அடிக்கு மட்டும் அதைப் போட்டு, மேலே தடித்த நைலான் வலை கட்டினால் செலவு அடங்கும். வெட்டிய முனைகளில் உறை போயிருக்கும், அங்கே பெயின்ட் தொட்டு வையுங்கள், துரு அங்கிருந்துதான் ஏறும்.

2018 நவம்பர் 15 ராத்திரியை உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தகரத்தைத் தூக்கியது காற்று மேலிருந்து அடித்ததால் அல்ல, அடியில் புகுந்ததால். கூரையைத் தாழ்வாக, நாலு பக்கச் சரிவாகப் போடுங்கள். தகரத்தை ஆணியில் நிறுத்தாமல் ஜே போல்ட் போட்டு, குறுக்கே கம்பியும் கட்டுங்கள். புயல் சின்னம் என்று ரேடியோவில் சொன்ன அன்றே வலையின் மேல் கட்டியிருக்கும் படுதா, சாக்கு எல்லாவற்றையும் அவிழ்த்துவிடுங்கள். வலை காற்றை விட்டுவிடும், படுதா பிடித்துக்கொள்ளும். கோழிகளைப் பஞ்சாரத்தில் போட்டு வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுங்கள். ஒரு ராத்திரி நாறும், பரவாயில்லை.

கேள்வி: எங்களுடையது செம்மண் பூமி. கோடையில் வலைக்குள் கோழிகள் வாயைத் திறந்துகொண்டு தவிக்கின்றன. நிழலுக்கு என்ன செய்வது?
— ஒரு வாசகர், ஒரத்தநாடு

பதில்: கொட்டகையின் நீளப்பக்கம் கிழக்கு மேற்காக ஓடட்டும். வெயில் உள்ளே இறங்குவது குறையும். மேற்குப் பக்கம் அகத்தியும் முருங்கையும் நெருக்கி நடுங்கள். கூரை வலை மேல் பீர்க்கு, பாகல், கோவை எதையாவது ஏற்றுங்கள். விதையை வலைக்கு வெளியே ஊன்ற வேண்டும். உள்ளே ஊன்றினால் முளை வந்த அன்றைக்கே கோழி தின்றுவிடும். அரளி மட்டும் வேண்டாம், அழகுக்கு என்றாலும் வேண்டாம், விஷம். அக்கினி நட்சத்திரத்தில் தண்ணீரை மதியம் ஒரு தடவை மாற்றுங்கள், மண்பானை ஓட்டில் வைத்தால் குளுமையாக நிற்கும். ஒரு மூலையில் சாம்பலும் மணலும் கலந்து 2-க்கு 2 அடி குழி விடுங்கள், புரண்டு பேனை உதிர்த்துக்கொள்ளும். உங்கள் மண்ணில் வலையைப் புதைக்கலாம், நான் மேலே சொன்ன வெடிப்புத் தொல்லை உங்களுக்கு இல்லை. நோய் நொடிக்கு உங்கள் ஊரிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எனக்குக் கடிதம் போட்டுக் காத்திருக்காதீர்கள்.

கேள்வி: கும்பகோணத்தில் ஒட்டுவீடு. பின்கட்டில் 8-க்கு 6 அடிதான் இடம். முட்டைக்காகக் கோழி வளர்க்க ஆசை. பக்கத்து வீட்டு மாமி இப்போதே முகம் சுளிக்கிறார்.
— ஒரு வாசகி

பதில்: 3 பெட்டை, சேவல் வேண்டாம். சேவல் இல்லாமலே பெட்டை முட்டையிடும், குஞ்சு பொரிக்காது, அவ்வளவுதான். விடியற்காலை 4 மணிக்குக் கூவ ஆளில்லை என்றாலே பாதிச் சண்டை ஓய்ந்தது. மீதிச் சண்டை நாற்றம். அது எச்சத்தால் வருவதைவிட ஈரத்தால் வருவது; மேலே மயிலாடுதுறை வாசகிக்குச் சொன்ன உமிக் கணக்கைப் பாருங்கள். சிமென்ட் தரை என்றால் படுக்க வலை தேவையில்லை, ஆனால் சாக்கடைத் துளைக்கு அரை அங்குல வலை அவசியம். டவுனில் பெருச்சாளிக்கு அதுதான் வாசல். மாநகராட்சியில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். முதல் முட்டையை யார் வீட்டுக்குக் கொடுக்க வேண்டும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: நான் ஏழாம் வகுப்பு படிக்கிறேன். என் கோழி கூண்டில் அடையாமல் முருங்கை மரத்தில் ஏறிப் படுக்கிறது. அப்பா கீழே இறக்கினால் திரும்ப ஏறுகிறது. மரநாய் பிடித்துவிடுமா பாட்டி?
— ஒரு மாணவி, நன்னிலம்

பதில்: பிடிக்கும் கண்ணு, மரநாய்க்கு மரம் ஏறத் தெரியாதா? அதனால் இன்றைக்கே ஆரம்பித்துவிடு.

கோழிக்கு உயரத்தில் படுத்தால்தான் தூக்கம். உன் கூண்டில் உட்காரக் குறுக்குக் கட்டை இருக்கிறதா பார். வெறும் தரை என்றால் அது முருங்கையைத்தான் தேடும். 2 அங்குல அகலத்தில், மேல்முனை மழுங்கலாகச் சீவிய சட்டம் ஒன்றைக் கூண்டுக்குள் உன் இடுப்பு உயரத்தில் அப்பாவைப் பொருத்தச் சொல். மூங்கில் வழுக்கும், வேண்டாம். ஒரு வாரம் கோழியை வெளியே விடாமல் கூண்டிலும் வலைக்குள்ளுமே வை. படுக்கும் இடம் அதற்குப் பழகிவிடும். அப்புறம் வெளியே விட்டாலும், இருட்டுவதற்கு அரை மணிக்கு முன்னால் கூண்டுக்குள் ஒரு பிடி நொய்யைப் போட்டு, தினம் ஒரே மாதிரி கூப்பிடு. டப்பாவைத் தட்டினாலும் சரி, “பா பா” என்றாலும் சரி, தினம் மாற்றாதே. மத்தியானத்துக்கு மேல் வேறு தீனி கொடுக்காதே, வயிறு காய்ந்திருந்தால்தான் கூப்பிட்ட குரலுக்கு வரும். முருங்கையில் தாழ்ந்த கிளைகளை அப்பாவிடம் கழிக்கச் சொல், ஏணி இல்லாமல் ஏறாது. கழித்த கிளையில் இருக்கும் கீரையை அம்மாவிடம் கொடு, கோழிக்கும் கொஞ்சம் நறுக்கிப் போடு.